முகத்துவாரமும் முதியவர் இருதயமும்

மாரி மழை விடாது பொழியும் காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கரை மக்களிடையே ஒரு பேச்சு எழுவதுண்டு. "முகத்துவாரம் வெட்டலாமா, இன்னும் பொறுக்கலாமா?" என்பதே அது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளங் கிடக்கும் இவ்வாவி கடலோடு கூடும் வாயில்கள் மிகச் சில. கோடையில் அலைகள் கொணரும் மணல் அவ்வாயிலை மூடித் திட்டாக நிற்கும். மாரி வெள்ளம் பெருகும்போது அத்திட்டை வெட்டாவிடின், தாழ்ந்த வயல்களில் நீர் தேங்கி இளம்பயிர் அழுகும். வெட்டிவிட்டாலோ, வெள்ளத்தோடு இறாலும் மீனும் கடலிற் போய்விடும் என்று வலைத்தொழில் செய்வோர் கலங்குவர். வேளாண்மைக்காரர் சொல்வதும் உண்மை. மீனவர் சொல்வதும் உண்மை. இரண்டு கேடுகளுக்கும் நடுவே, நீர்மட்டம் பார்த்து, வானத்தைப் பார்த்து முடிவு செய்தல் வேண்டும்.

இத்தகைய பேச்சொன்று சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்தினுள்ளும் நிகழ்ந்தது. அதற்குப் பொருளாயிருந்தது என் பெரியப்பாவின் இருதயம். முதியோரை வைத்துப் பேணும் இல்லங்கள் பலவற்றிற்கும் இந்நிலை நேரக்கூடும் ஆதலின், நாங்கள் கற்றதை இங்கே எழுதுகின்றேன். யான் வைத்தியன் அல்லேன். கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிப்பவன். வைத்தியர் கூறியவற்றை விளங்கிக்கொள்ள முயன்ற ஒருவன் என்ற அளவிலேயே வாசகர்கள் என்னைக் கொள்ளுதல் வேண்டும்.

தாளம் தப்பிய நாடி

பெரியப்பா படுவான்கரையிலே, கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிற் பிறந்து, அங்கேயே வேளாண்மை செய்து மூத்தவர். மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, 'பாதை' என்று நாம் வழங்கும் மிதவையிலேறி எழுவான்கரைக்கு வந்து போனவர். நீரிழிவும் குருதியமுக்கமும் அவருக்குப் பழைய தோழர்கள். எண்பத்திரண்டாம் வயதில், முற்றத்தில் நாலடி நடப்பதற்கே மூச்சு வாங்கத் தொடங்கிற்று. வைத்தியர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தவர் நெடுநேரம் விடவில்லை. நாடி ஒருமுறை விரைந்தது, ஒருமுறை தயங்கியது, எந்தத் தாளத்திற்கும் அடங்கவில்லை. ஈ.சீ.ஜீ. படம் எடுத்துப் பார்த்து, 'ஏற்றியல் பிப்ரிலேஷன்' என்றார். தமிழிற் கூறுவதாயின், சோணையறை நடுக்கம் எனலாம்.

இருதயத்தின் நான்கு அறைகளுள் மேலுள்ள இரண்டும் சோணையறைகள். ஒழுங்கான இருதயத்தில் அவை ஒருமுறை சுருங்கித் தம்மிடமுள்ள குருதியைக் கீழறைகளுக்குத் தள்ளும்; பின்னர்க் கீழறைகள் அதனை உடலெங்கும் செலுத்தும். இந்நோயிலோ, சோணையறைகள் சுருங்குவதை விட்டு, நிமிடத்திற்கு முந்நூறு முறைக்கும் மேலாக வெறுமனே நடுங்குகின்றன. முதுமையில் இது அரிதன்று. எண்பது வயதைக் கடந்தவர்களிற் பத்துப் பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பர். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

இடது சோணையறையின் பக்கத்தே காதுமடல் போல ஒரு சிறுபை ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அறை நன்றாகச் சுருங்கும்போது அப்பையிலுள்ள குருதியும் வெளியேறிவிடும். அறை நடுங்கும்போதோ, வாயடைத்த வாவிநீர் போல அங்கே குருதி தேங்குகின்றது. தேங்கிய குருதி உறையும். உறைந்த கட்டியொன்று ஒருநாள் பெயர்ந்து, குருதியோட்டத்தோடு மூளைக்குச் சென்று, அங்குள்ள குழாயொன்றை அடைத்துவிடின், அதுவே பாரிசவாதம். காலையில் நன்றாயிருந்தவர் மாலையில் ஒரு பக்கம் அசைக்க இயலாது கிடப்பார். அமெரிக்காவிலுள்ள பிரேமிங்ஹாம் என்னும் நகரத்து மக்களை 1948ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து ஆராய்ந்து வந்தோர், இந்நடுக்கம் உடையவருக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏனையோரிலும் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கண்டனர்.

மாட்டுத் தொழுவத்தில் தொடங்கிய மருந்து

குருதி எளிதில் உறையாதவாறு செய்யும் மருந்து கொடுத்தால் இவ்வாபத்தைப் பெரிதும் தடுக்கலாம். அம்மருந்துகளுள் நெடுங்காலம் வழங்கி வருவது வார்பரின். அதன் பிறப்பு வரலாறு மாணவர்கள் அறிந்து சுவைக்கத் தக்கது.

1920ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், வட அமெரிக்கப் பண்ணைகளில் மாடுகள் காரணமின்றிக் குருதி கசிந்து இறந்தன. பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனப்புல்லைத் தின்றமையே அதற்குக் காரணம் எனக் கால்நடை வைத்தியர் கண்டனர். 1933ஆம் ஆண்டு, விஸ்கொன்சின் மாநிலத்துக் கமக்காரர் ஒருவர், கடும் பனிப்புயலினூடே, இறந்த மாட்டையும், பாற்குவளை நிறைய உறையாத குருதியையும், கெட்டுப்போன புல்லையும் எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்திற் போய் முறையிட்டார். அங்கே காள் போல் லிங்க் என்னும் பேராசிரியரும் அவர்தம் மாணவரும் ஆறு ஆண்டுகள் உழைத்து, அப்புல்லிலிருந்த நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியிற் செய்யப்பட்ட வார்பரின், 1948ஆம் ஆண்டு எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954ஆம் ஆண்டு மனிதருக்கும் மருந்தாக ஏற்கப்பட்டது. மறு ஆண்டில் அமெரிக்க சனாதிபதி ஐசனோவர் மாரடைப்புற்றபோது அவருக்கும் இதுவே கொடுக்கப்பட்டது. மாட்டைக் கொன்ற பொருள் மனிதனைக் காக்கலாயிற்று. அளவே நஞ்சையும் மருந்தையும் பிரிக்கும் எல்லை.

குருதியை உறையச் செய்யும் பொருள்கள் சிலவற்றை ஈரல் ஆக்குவதற்கு விற்றமின் கே தேவை. வார்பரின் அவ்விற்றமினின் வேலையைத் தடுக்கின்றது. தடை குறைந்தாற் பயனில்லை. மிகுந்தாற் குருதி கசியும். ஆகவே, ஐ.என்.ஆர். என்னும் குருதிப் பரிசோதனையை அடிக்கடி செய்து, அது பெரும்பாலும் இரண்டிற்கும் மூன்றிற்கும் இடையில் நிற்குமாறு மாத்திரையின் அளவைக் கூட்டியும் குறைத்தும் வருவர். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை போன்ற பச்சையிலைகளில் விற்றமின் கே மிகுதி. அதனால் அவற்றை அறவே விலக்கல் வேண்டும் என்பதில்லை. ஒரு கிழமை நாள்தோறும் முருங்கையிலை வறை, மறு கிழமை ஒன்றுமேயில்லை என்னும் ஒழுங்கின்மையே கேடு.

முதியவருக்கு இம்மருந்து ஆகாது, அஸ்பிரினே போதும் என்று ஒருகாலத்திற் பலர் எண்ணினர். இங்கிலாந்தில் எழுபத்தைந்து வயதும் அதற்கு மேலுமான 973 பேரிடம் நடந்து, 2007ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றிற்று. பாரிசவாதமும் அதையொத்த ஆபத்துகளும் அஸ்பிரின் உண்டவரில் ஆண்டுக்கு நூற்றுக்கு 3.8 ஆகவும், வார்பரின் உண்டவரில் 1.8 ஆகவும் இருந்தன. பெருங் குருதிப்போக்கு இரு சாராரிடத்தும் ஏறக்குறைய ஒத்திருந்தது. முதுமை ஒன்றே மருந்தை மறுப்பதற்குக் காரணமாகாது என்பது இதனாற் பெறப்பட்டது.

வடிகால் பழுதுபட்டால்

பெரியப்பாவின் செய்தி இவ்வளவோடு முடிந்திருந்தால், வைத்தியர் சீட்டெழுதித் தந்திருப்பார்; நாங்களும் வீடு திரும்பியிருப்போம். ஆயின், அவருடைய சிறுநீரகங்கள் நிமிடத்திற்கு ஏறக்குறைய 22 மில்லிலீற்றர் அளவே குருதியை வடித்துக்கொண்டிருந்தன. நலமுள்ள இளைஞனுக்கு அது நூறளவில் இருக்கும். முப்பதிற் குறைந்தாற் கடுமையான பழுது. பதினைந்திற் குறைந்தால், இயந்திரத்தினாற் குருதியைச் சுத்திகரிக்கும் நிலை நெருங்குகின்றது.

சிறுநீரகம் பழுதுற்றவரிடத்தில் ஒரு விந்தையான முரண்பாடு காணப்படும். கழிவுகள் குருதியிலே தங்குவதால், காயத்தை அடைக்கும் சிறுதட்டுக்கள் தம் பிடியை இழக்கின்றன. குருதி எளிதிற் கசிகின்றது. அதேவேளையில், குழாய்ச் சுவர்கள் கெட்டுக் கட்டி உறைவதும் எளிதாகின்றது. உறைதல், கசிதல் என்னும் இரண்டு ஆபத்தும் ஒருவரிடத்தே ஒருங்கே வளர்கின்றன.

மருந்தும் அங்கே வேறு விதமாக நடக்கின்றது. 2010ஆம் ஆண்டு தொடக்கம் வந்த புதிய மருந்துகளுக்கு ஐ.என்.ஆர். பரிசோதனை வேண்டுவதில்லை. ஆனால் அவை உடலை விட்டு வெளியேறச் சிறுநீரகத்தின் உதவி வேண்டும். டபிகற்றான் என்பதில் நூற்றுக்கு எண்பது பங்கு சிறுநீரகத்தின் வழியே கழிகின்றது. எடொக்சபான் என்பதிற் பாதி. ரிவறொக்சபான் என்பதில் மூன்றிலொன்று. அப்பிக்சபான் என்பதில் ஏறக்குறைய காற்பங்கு. வடிகால் பழுதுபட்டவருக்கு இவற்றை வழமையான அளவிற் கொடுத்தால், மருந்து உடலிலே தேங்கி மிகுதியாகிவிடும். வார்பரின் அவ்வாறு தேங்குவதில்லையாயினும், சிறுநீரக நோயாளரில் அதன் அளவை நிலைநிறுத்துதல் அரிது. குழாய்ச் சுவர்களிற் சுண்ணம் படிவதையும் அது கூட்டலாம் என்ற ஐயமும் உண்டு.

இத்தகையவருக்கு எது நன்று என்று ஆராய்ச்சி என்ன கூறுகின்றது? இங்கேதான் நூலறிவு தடுமாறுகின்றது. இம்மருந்துகளின் நன்மையை நிலைநாட்டிய பேராராய்ச்சிகள், சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டன. அவர்களைச் சேர்த்தால் முடிவு குழம்பும், ஆபத்தும் மிகும் என்று அஞ்சினர். இதனால், கேள்வி யாருக்கு மிகவும் கடியதோ, அவருக்கே விடை இல்லாமற் போயிற்று.

சிறிது வெளிச்சம் யப்பானிலிருந்து வந்தது. எண்பது வயது கடந்து, வழமையான அளவு மருந்துக்குத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்ட 984 பேரிடம், எடொக்சபானை 15 மில்லிகிராம் என்னும் சிற்றளவிற் கொடுத்துப் பார்த்தனர். சிறுநீரகம் கடுமையாகப் பழுதுற்றவர் பலரும் அவர்களுள் இருந்தனர். 2020ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, பாரிசவாதமும் அதையொத்த அடைப்புகளும் ஆண்டுக்கு நூற்றுக்கு 6.7 என்பதிலிருந்து 2.3 ஆகக் குறைந்தன. பெருங் குருதிப்போக்கோ, 1.8 என்பதிலிருந்து 3.3 ஆக உயர்ந்து காணப்பட்டது. அவ்வுயர்வு தற்செயலானதன்று என உறுதியாகக் கூறமுடியவில்லை. இரு கூட்டத்தாரிலும் இறந்தோர் தொகையிற் பெரிய வேறுபாடில்லை.

இயந்திரச் சுத்திகரிப்பில் இருப்பவர் செய்தி இன்னும் மங்கலானது. அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி 154 பேரோடும், ஜேர்மனியில் மற்றொன்று 97 பேரோடும் நின்றுவிட்டன. இத்துணைச் சிறு தொகையினரைக் கொண்டு தீர்ப்புக் கூற இயலாது. அப்பிக்சபானை இவர்களுக்குக் கொடுக்க அமெரிக்க அரசின் மருந்து விதி இடமளிக்கின்றது. ஐரோப்பிய விதி அதனைப் பரிந்துரைக்கவில்லை. ஒரே மாத்திரைக்கு இரண்டு கண்டங்களில் இரண்டு விதி! கற்றவரும் ஒருமுகப்படாத இடம் இது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அச்சிறுபையின் வாயையே ஒரு கருவியால் அடைத்துவிடும் முறையும் உலகில் நடைபெறுகின்றது. ஆயினும், சிறுநீரக நோயாளர் பற்றிய சான்று அதற்கும் சொற்பமே.

வீட்டுத் திண்ணையில் ஒரு வழக்கு

இவற்றையெல்லாம் வைத்தியர் எங்களுக்குப் பொறுமையாக எடுத்துக் கூறினார். வீடு வந்ததும் வழக்குத் தொடங்கிற்று. பெரியப்பாவின் மூத்த மகளாகிய அக்கா, மருந்து கொடுத்தேயாகவேண்டும் என்றார். பெரியம்மா பாரிசவாதத்தில் நான்கு ஆண்டுகள் கிடந்தபோது, புரட்டிப் போட்டுப் பணிவிடை செய்தவர் அவர். இளைய மகனாகிய தம்பி, கூடாது என்றான். அயலூரில் இத்தகைய மருந்து உண்ட ஒருவர் தலைக்குட் குருதி கசிந்து இறந்ததை அவன் கண்டிருந்தான். இருவர் அச்சமும் கண்ணாற் கண்டதிற் பிறந்த அச்சம். வாதத்தால் அதனை வெல்லமுடியாது.

மறுமுறை வைத்தியரிடம் போனபோது அவர் எங்கள் வழக்கைக் கேட்டு முறுவலித்தார். "நோயாளியை ஒருவரும் கேட்கவில்லையே" என்றார். பின்பு பெரியப்பாவின் பக்கம் திரும்பி, "ஐயா, உங்களுக்கு எதிலே அதிக பயம்?" என வினவினார். பெரியப்பா சற்றும் தாமதியாது விடை கூறினார்: "சாவுக்குப் பயமில்ல மனே. படுக்கையில கிடந்து, மகள்ர கையால சோறு தின்னுறதுக்குத்தான் பயம்."

அடுத்து, வீட்டிலுள்ள மாத்திரைகள் யாவற்றையும் கொண்டுவந்தீர்களா என்று வைத்தியர் கேட்டார். பையைக் கவிழ்த்தோம். அதனுள் டைக்ளோபெனக் என்னும் நோ மாத்திரை அட்டைகள் மூன்று இருந்தன. பெரியப்பாவின் முழங்கால் வலிக்கென்று, மாதந்தோறும் மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்தவன் யானே. வைத்தியர் கடிந்து பேசவில்லை. இம்மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்; இரைப்பையிற் புண் உண்டாக்கும்; குருதி உறையா மருந்தோடு சேர்ந்தால், கசிவைப் பன்மடங்காக்கும் என்று மட்டும் கூறினார். ஆண்டு தோறும் மாணவருக்குச் சிறுநீரகத்தின் படம் வரைந்து காட்டும் ஆசிரியன் செய்த வேலை இது. அன்பினாற் செய்ததாயினும், பிழை பிழையே.

முடிவில், நோ மாத்திரை நிறுத்தப்பட்டது. குருதியமுக்கம் கட்டுக்குட் கொண்டுவரப்பட்டது. அப்பிக்சபான் 2.5 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை கொடுக்கப்பட்டது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை சிறுநீரகத்தின் நிலையும் குருதியின் அளவும் பார்த்து, மீண்டும் ஆலோசிப்பது என்று உறுதி செய்யப்பட்டது. "இது இன்றைய முடிவு, என்றைக்குமான முடிவன்று" என்றார் வைத்தியர்.

பதினான்கு மாதங்கள் நலமாகச் சென்றன. பெரியப்பா தாமே நடந்து கோயிலுக்குப் போய் வந்தார். பின்னர் ஒருநாள் மலம் கறுத்துப் போயிற்று, முகம் வெளிறிற்று. உடனே கொண்டு சென்றோம். இரைப்பையிற் புண் இருந்தது. சிறுநீரகத்தின் வேலையும் 13 அளவிற்கு இறங்கியிருந்தது. குருதி ஏற்றினர், மருந்தை நிறுத்தினர். புண் ஆறியபின் மறுபடியும் எல்லோரும் கூடி ஆலோசித்தோம். இம்முறை தட்டு மறுபுறம் சாய்ந்தது. மருந்து வேண்டாம் என்பதற்குப் பெரியப்பாவும் உடன்பட்டார். அக்கா கண்கலங்கினார், ஆயினும் மறுக்கவில்லை.

முதல் முடிவு தவறென்று தம்பியும் கூறவில்லை. இரண்டாவது தவறென்று அக்காவும் கூறவில்லை. பெரியப்பா இன்று எண்பத்தைந்தை எட்டி, சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, பேரப்பிள்ளைகளுக்கு வயற்கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். நாடி இன்றும் தாளம் தப்பியே துடிக்கின்றது. நாளை என்ன நேரும் என்பதை யாரறிவார்?

இல்லத்தார் கருதத் தக்கவை

எங்கள் அனுபவத்தால் உணர்ந்த சிலவற்றை வாசகர்கள் முன் வைக்கின்றேன். வீட்டிலுள்ள முதியவரின் நாடியை இடையிடையே தொட்டுப் பாருங்கள். ஒழுங்கு தவறியிருப்பின் வைத்தியரிடம் காட்டுங்கள். குருதி உறையா மருந்து உண்பவருக்கு, சிறுநீரகப் பரிசோதனை எப்போது செய்யப்பட்டது என்று கேட்டறியுங்கள். அயல்வீட்டார் ஒருவருக்கு உதவிய மாத்திரை நம்மவருக்கும் உதவும் என்று கருதாதீர்கள். முரசில் ஒரு துளி குருதி கண்டவுடன் தாமே மருந்தை நிறுத்துவதும், மறந்த மாத்திரைக்கு ஈடாக இரண்டை ஒருங்கே விழுங்குவதும் ஒப்ப ஆபத்தானவை. நோ மாத்திரை, நாட்டு மருந்து, குளிகை, சூரணம் எதுவாயினும் வைத்தியருக்கு ஒளியாது கூறுங்கள். சிறுநீரகம் பழுதுற்றவருக்குக் காமரங்காயும் அதன் சாறும் கொடாதீர்கள். அது அவர்களுக்கு நஞ்சாகலாம்.

மலம் கறுத்தல், சிறுநீர் சிவத்தல், மூக்கிலிருந்து குருதி நில்லாது வடிதல், விழுந்து தலையில் அடிபடுதல் ஆகியன நேரின் தாமதியாதீர்கள். முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அது பாரிசவாதத்தின் வருகை. எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று காத்திராது, 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வருவியுங்கள். அப்போது, நோயாளி உண்ணும் மருந்துகளின் பெயரெழுதிய தாளொன்று கையிலிருப்பது பேருதவியாகும்.

இவற்றிலும் மேலாக ஒன்று உண்டு. முதியவரைக் கேளுங்கள். அவருடைய உடம்பைப் பற்றி நாம் திண்ணையிலிருந்து வழக்காடும்போது, அவர் உள்ளே படுத்திருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். எதற்கு அஞ்சுகிறார், எதனை விரும்புகிறார் என்பதை அவரன்றி வேறெவர் கூறவல்லார்? ஆராய்ச்சி தீர்ப்புக் கூறாத இடத்தில், அவருடைய சொல்லுக்கு நிறை மிகுதி.

சென்ற மாரியில் ஒருநாள் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு, மண்முனைப் பாலத்தின் வழியே திரும்பிக்கொண்டிருந்தேன். வாவி கரைதட்ட நிறைந்து கிடந்தது. முகத்துவாரம் வெட்டுவதா இல்லையா என்று பாலத்தருகே நின்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். போன ஆண்டு வெட்டிய நாளை இந்த ஆண்டுக்கும் நாளாகக் கொள்ள ஒருவரும் எண்ணவில்லை. நீர்மட்டத்தைப் பார்த்து வருமாறு ஒருவரை அனுப்பியிருந்தார்கள்.